பாசம் மட்டும் போதாத பிள்ளைகள்

சோறும் பாசமும் போட்டு வளர்த்தால் எந்தப் பிள்ளையும் தேறிவிடும் என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வார்கள். 1971இல் அமெரிக்காவில் மைக்கேல் டோரிஸ் என்ற 26 வயது இளைஞரும் இதையேதான் நம்பினார். கல்யாணம் ஆகாதவர். மானுடவியல் படித்தவர். தனியாளாக ஓர் ஆண் பிள்ளையைத் தத்தெடுப்பது அந்த நாட்டிலேயே அரிதாக இருந்த காலம் அது. லகோட்டா பூர்வகுடியைச் சேர்ந்த மூன்று வயதுப் பையனை அவர் மகனாக்கிக்கொண்டார். வளர்ச்சியில் பின்தங்கியவன் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார்கள். நல்ல சாப்பாடு, புத்தகம், பேச்சு, நிலையான ஒரு வீடு எல்லாம் கிடைத்தால் சீக்கிரமே மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுவான் என்று டோரிஸ் கணக்குப் போட்டார்.

கணக்கு தப்பியது. பையனுக்கு வலிப்பு வந்தது. ஒருநாள் கற்றுக்கொண்டது மறுநாள் காணாமல் போனது. காசு, நேரம் இரண்டும் கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை. டோரிஸ் சாதாரணத் தகப்பன் அல்ல. 1972இல் டார்ட்மத் கல்லூரியில் பூர்வகுடி ஆய்வுத் துறையைத் தொடங்கியவர். எந்த மருத்துவரையும் பார்க்கும் வசதி இருந்தது, எந்த ஆசிரியரிடமும் வாதாடும் வாய் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சிகிச்சை, சிறப்புப் பள்ளி, இரவில் உட்கார்ந்து பாடம் என்று ஓடினார். ஒவ்வொரு ஆசிரியரும் முதல் மாதம் நம்பிக்கையோடு தொடங்கி ஆண்டு முடிவில் கைவிரித்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பூர்வகுடிப் பகுதிக்கு ஆய்வு வேலையாகப் போனார். அங்கே இளம் வயதினருக்கான மறுவாழ்வு மையம் ஒன்றில் சில சிறுவர்களைப் பார்த்தார். முகத்திலும் பாவனையிலும் அவருடைய மகனை உரித்து வைத்ததுபோல இருந்தார்கள். மகனின் படத்தை எடுத்துக் காட்டினார். மையத்தை நடத்தியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தச் சிறுவர்கள் எல்லோரும் தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டவர்கள். பத்தாண்டு காலம் தன் வளர்ப்பில் எங்கே பிசகு என்று தேடிக்கொண்டிருந்த ஒருவருக்கு, பிசகு தன் வீட்டுக்கு வருமுன்பே நடந்துவிட்டது என்று அன்று தெரிந்தது.

அந்த அனுபவத்தை 1989இல் ‘தி புரோக்கன் கார்டு’ என்ற நூலாக எழுதினார். அந்த ஆண்டின் தேசிய நூல் விமர்சகர் வட்ட விருது அதற்குக் கிடைத்தது. தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. நூலில் மகனுக்கு ஆடம் என்று பெயர் மாற்றியிருந்தார். கடைசிப் பகுதியை அந்த மகனே, தன் எழுத்துப் பிழைகளோடு, எழுதியிருந்தார். 1991இல் கார் மோதி அவர் இறந்தபோது வயது 23. டோரிஸின் முடிவும் நல்லதாக அமையவில்லை. பிள்ளைகளைத் தவறாக நடத்தியதாக எழுந்த புகார்கள் விசாரணையில் இருந்தபோது, 1997இல் தற்கொலை செய்துகொண்டார். அந்தப் புகார்கள் நிரூபிக்கப்படவும் இல்லை, பொய் என்று முடிவாகவும் இல்லை. அவரை ஒரு முன்மாதிரித் தகப்பனாகக் காட்ட இதை எழுதவில்லை. தத்தெடுத்த வீட்டுக்குள் இந்தப் பாதிப்பு என்ன செய்யும் என்பதை உலகம் பரவலாக அறிந்தது அவர் நூல் வழியாகத்தான். அந்த அறிவோடு ஒரு பெரிய தவறான முடிவும் கூடவே பரவியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மருத்துவ உலகத்துக்கே இது அப்போது புதிய செய்தி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸின் நான்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், குடிப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பற்றி 1968இல் எழுதினார். பெரும்பாலும் கண்டுகொள்ளப்படவில்லை. 1973இல் சியாட்டிலைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் ‘லான்செட்’ இதழில் எழுதிய பிறகுதான் ‘ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்’ என்ற பெயரே புழக்கத்துக்கு வந்தது. அதாவது, டோரிஸ் மகனைத் தத்தெடுத்தபோது அந்தப் பாதிப்புக்குப் பெயர்கூடக் கிடையாது. அதே காலகட்டத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போடக் கர்ப்பிணிகளின் நரம்பில் எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டரே மதுவை ஏற்றிய காலத்தில், வீட்டில் குடித்த பெண்ணைப் பாவி என்பதற்கு யாருக்கு யோக்யதை இருந்தது என்று தெரியவில்லை.

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டி அப்படியே கருவுக்குப் போகிறது. அதை முறித்து வெளியேற்றும் ஈரல் கருவுக்கு இன்னும் முதிரவில்லை. மூளை ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எந்த மாதம் எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பாதிப்பு மாறும். சிறிய கண் பிளவு, மேலுதடு மெலிந்து மூக்குக்குக் கீழ்ப் பள்ளம் மழுங்கிய முகம் ஆகியவைதான் பாடப்புத்தகத்தில் உள்ள அடையாளங்கள். கரு உருவான மூன்றாவது வாரத்தை ஒட்டிய சில நாட்களில் மது படிந்தால்தான் அந்த முகம் அமையும். தான் கர்ப்பம் என்றே பல பெண்களுக்குத் தெரியாத நாட்கள் அவை. மற்ற நாட்களில் மூளை பாதிக்கப்பட்டால் முகம் எல்லாப் பிள்ளைகளையும் போலவே இருக்கும். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் இப்படி முகத்தில் எதையும் காட்டாதவர்கள். இந்த முழு வரிசைக்கும் சேர்த்து இப்போது எஃப்.ஏ.எஸ்.டி. என்கிறார்கள்.

முகத்தில் ஒன்றும் தெரியாத அந்தப் பிள்ளைகள்தான் வீட்டில் அதிகம் அடி வாங்குகிறார்கள்.

ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பெண் குழந்தை. “பல் தேச்சுட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, பையை எடுத்துட்டு வாம்மா” என்கிறார் அம்மா. குழந்தை “சரி” என்று உள்ளே போகிறாள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், பையைத் திறந்து பென்சில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பல் தேய்க்கவில்லை, உடை மாற்றவில்லை. வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. “என்ன சொன்னேன்?” என்று கேட்டால் மூன்றையும் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்கிறாள். அம்மாவுக்குத் தலைக்கு ஏறுகிறது. தெரிந்துகொண்டே செய்யாமல் இருக்கிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சொன்னதைத் திருப்பிச் சொல்வது ஒரு திறமை. அதை வரிசைப்படுத்தி, ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குத் தாவிச் செய்து முடிப்பது வேறு திறமை. இரண்டாவதைச் செய்யும் மூளைப்பகுதியை மது கடுமையாகப் பாதிக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலர் வாயாடிகள். பேச்சு வயதுக்கு மேல் இருக்கும், புரிதல் வயதுக்குக் கீழே இருக்கும். பேச்சைக் கேட்டுப் புத்திசாலி என்று முடிவு கட்டுகிற ஆசிரியர், நடத்தையைப் பார்த்து அடங்காப்பிடாரி என்று முடிவு கட்டுகிறார்.

திருட்டும் பொய்யும் அப்படித்தான். பக்கத்து வீட்டு டேபிளில் கிடந்த கைக்கடிகாரம் இவன் பையில் இருக்கும். எடுத்தாயா என்றால், தாத்தா கொடுத்தார் என்று ஒரு கதை வரும். கதையில் நிறம், நேரம், இடம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ‘எனது’, ‘பிறருடையது’ என்ற கோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இந்த மூளைக்குச் சிரமம். நினைவில் ஓட்டை இருக்கும் இடத்தில் கேட்பவருக்குப் பிடித்தமான ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்கள் அதட்டிக் கேட்டால் செய்யாததையும் ஒப்புக்கொள்வான். வீட்டில் இது அடியோடு போகும். வளர்ந்த பிறகு போலீஸ் ஸ்டேஷனில் இதே பழக்கம் சிறைக்கு அனுப்பிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பேங்சியா ஹில் சிறார் காப்பகத்தில் 99 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2018இல் வெளியானது. அவர்களில் 36 சதவீதத்தினருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருந்தது. ஏறக்குறைய யாருக்குமே அதற்கு முன் அது கண்டறியப்பட்டிருக்கவில்லை.

தண்டனை ஏன் வேலை செய்யாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. நேற்று மாலை செய்த தப்புக்கு இன்று டி.வி. கிடையாது என்றால், நேற்றையும் இன்றையும் முடிச்சுப் போடத் தெரிய வேண்டும். அது தெரியாத பிள்ளைக்கு, காரணமே இல்லாமல் அம்மா இன்று கொடுமைக்காரி ஆகிவிட்டாள் என்பது மட்டும்தான் புரியும்.

அப்படியானால் என்னதான் செய்வது? அமெரிக்காவில் இருபது முப்பது ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய பெற்றோரும் வல்லுநர்களும் சேர்ந்து கண்டுபிடித்த வழி பிரமாதமான தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் அடுத்தது. வாயால் சொல்வதைச் சுவரில் படமாக ஒட்டிவிட வேண்டும்: பல் தேய்க்கும் படம், சட்டை போடும் படம், பை மாட்டும் படம். தினமும் அதே நேரம், அதே வரிசை, அதே சொற்கள். “ஒழுங்கா இரு” என்பது விளங்காது. “கையைப் பாக்கெட்டில் வை” என்றால் விளங்கும். சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் உள்ள இடத்தில் பிள்ளை வெடிப்பதற்கு முன்பே வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் போதும். பந்தி முடிகிறவரை இருக்க வேண்டியதில்லை. பதினாறு வயதுக்காரனிடம் எட்டு வயதுக்காரனின் பொறுப்பை மட்டும் எதிர்பார்க்க வேண்டும். மருத்துவர் ஸ்டெர்லிங் கிளாரன் இவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு மூளை வேண்டும் என்பார். பிள்ளையின் மூளை செய்யத் தவறும் வேலையை, திட்டமிடுவதை, நினைவூட்டுவதை, ஆபத்தை முன்கூட்டிப் பார்ப்பதை, பக்கத்திலிருக்கும் ஒரு மனிதர் செய்ய வேண்டும். ஆரிகனைச் சேர்ந்த டயான் மால்பின், இன்னும் கடுமையாக முயல்வதை விட்டு வேறு விதமாக முயலுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

படிக்கும்போது சுலபம். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் இன்னொருவரின் மூளையாக இருப்பது ஓர் ஆள் செய்யும் வேலை இல்லை. அதோடு, மாமியாரிலிருந்து எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோரும் “நீ ரொம்பச் செல்லம் கொடுக்கிறே” என்பார்கள். சுவரில் படம் ஒட்டி வளர்ப்பவரும், பிரம்பெடுத்து வளர்ப்பவரும் ஊருக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள்: பிள்ளையை வளர்க்கத் தெரியாதவர்கள்.

சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்கத் தலைமையில் 415 பேரைத் தொடர்ந்து கவனித்து 1996இல் ஓர் அறிக்கை வந்தது. இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் ஆய்வு அதுதான். 12 வயது கடந்தவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் சட்டச் சிக்கலில் மாட்டியிருந்தார்கள். 21 கடந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினரால் தனியாக வாழ முடியவில்லை. இவற்றைவிட முக்கியம், யார் தப்பித்தார்கள் என்பது. ஆறு வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்கள், வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே நிலையான வீட்டில் கழித்தவர்கள் ஆகியோர் இந்தச் சிக்கல்களில் கணிசமாகக் குறைவாகவே விழுந்தார்கள். மூளையின் பாதிப்பு மாறுவதில்லை. அதன்மேல் வந்து சேரும் பள்ளி நீக்கம், அடி, சிறை, போதை ஆகியவற்றைத்தான் தடுக்க முடிகிறது. தத்தெடுக்கும் குடும்பத்தின் பங்கு இவ்வளவுதான், இவ்வளவு பெரியதும்தான்.

ஆனால் ஆறு வயதுக்குள் கண்டறிய வேண்டுமானால் ஒரு தகவல் வேண்டும். முகத்தில் அடையாளம் இல்லாத பிள்ளைக்கு எஃப்.ஏ.எஸ்.டி. என்று எழுத, கர்ப்பத்தின்போது தாய் குடித்தார் என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றவளோடே வளரும் பிள்ளை என்றால் தாயிடமே கேட்கலாம். தத்துப் பிள்ளைக்கு அந்தத் தகவல் காகிதத்தில் வந்தால்தான் உண்டு. ஐரா சேஸ்னாஃப் என்ற சிகாகோ மருத்துவர் தன்னிடம் அனுப்பப்பட்ட 547 வளர்ப்பு, தத்துப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2015இல் எழுதினார். 156 பேருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருந்தது. அவர்களில் 125 பேருக்கு அதுவரை யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. கவனக்குறைவு, அடங்காமை, பாசப் பிணைப்புக் கோளாறு என்று வேறு வேறு சீட்டுகளோடு அலைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தத் தகவல் எங்கே தொலைகிறது? முன்பு நான் சொன்ன தவறான முடிவு இங்கேதான் வருகிறது. டோரிஸின் நூல் குடிக்கும் கர்ப்பிணிகளைப் பூட்டிவைத்தாவது கருவைக் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்வியை அனுதாபத்தோடே எழுப்பியது. மகனைப் பார்த்துப் பார்த்து வெந்த ஒரு தகப்பனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தை அரசுகள் சட்டமாக்கியபோது நடந்தது வேறு. தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மகப்பேறு சிகிச்சைக்கு வந்த பெண்களின் சிறுநீரை அவர்களுடைய சம்மதம் இல்லாமல் போதைப்பொருளுக்காகச் சோதித்துப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு விரோதம் என்றது. டென்னசி மாநிலம் 2014இல் கர்ப்பகாலப் போதைப் பயன்பாட்டைக் குற்றமாக்கியது. பெண்கள் மகப்பேறு மருத்துவரிடமே போகாமல் ஒளிந்தார்கள் என்று எதிர்ப்பு எழுந்து, 2016இல் அந்தச் சட்டம் காலாவதியாக விடப்பட்டது. குடித்தேன் என்று சொன்னால் ஜெயில், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? அவள் வாயை மூடிய நிமிடத்தில், பத்தாண்டு கழித்து இன்னொரு வீட்டில் அடி வாங்கப்போகும் பிள்ளையின் ஒரே மருத்துவச் சாட்சியமும் மூடிக்கொள்கிறது. பெற்றவளைத் தண்டிப்பதில் பிள்ளைக்கு எந்த நியாயமும் கிடைப்பதில்லை. அவனுக்குத் தேவை அவள் சொல்லும் உண்மை.

பூர்வகுடிகள் விஷயத்தில் இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1969இலும் 1974இலும் நடத்தப்பட்ட கணக்கெடுப்புகளின்படி, அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளில் 25 முதல் 35 சதவீதத்தினர் தங்கள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு வேறு வீடுகளிலும் விடுதிகளிலும் இருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1978இல் பூர்வகுடியினருக்கான ‘இந்தியர் குழந்தை நலச் சட்டம்’ வந்தது. பிள்ளையைப் பறிப்பதையே பல தலைமுறையாகப் பார்த்த ஒரு சமூகத்தின் தாயிடம், ‘உன் நன்மைக்காகத்தான் கேட்கிறோம், எவ்வளவு குடித்தாய்’ என்றால் அவள் என்ன பதில் சொல்வாள்?

தண்டிக்காமலும் தடுக்க முடியும். சியாட்டிலில் 1991இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், குடியிலோ போதையிலோ சிக்கிய தாய்மாரை ஓர் ஊழியர் மூன்று ஆண்டுகள் வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிகிச்சைக்குக் கூட்டிப் போவது, வீடு பிடித்துத் தருவது, அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட உதவுவது என்று எல்லாம் அதில் அடக்கம். அடுத்த பிள்ளை பாதிப்பில்லாமல் பிறக்க இதுதான் வழி. ஏற்கெனவே பிறந்த பிள்ளையைப் பற்றிய உண்மை வெளிவரவும் இதுவே வழி.

போதை மருந்தையும் மதுவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. 1980களின் இறுதியில் அமெரிக்கப் பத்திரிகைகள் கொக்கெய்ன் பயன்படுத்திய தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளை ‘கிராக் பேபி’ என்று பெயரிட்டு, ஒரு தலைமுறையே மூளையின்றிப் பிறந்துவிட்டதுபோல எழுதின. அவை காட்டிய தாய்மாரில் பெரும்பாலோர் கறுப்பினத்து ஏழைப் பெண்கள். பிலடெல்பியாவில் ஹேலம் ஹர்ட் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளையும், அதே ஏழைத் தெருக்களில் கொக்கெய்ன் தொடாத தாய்மாருக்குப் பிறந்தவர்களையும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தார். இரு சாராருக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இரு சாராரும் சேர்ந்தே பின்தங்கியிருந்தார்கள். வறுமைதான் இருவரையும் பின்னுக்கு இழுத்தது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1996இலேயே நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையில், கொக்கெய்ன், ஹெராயின், கஞ்சா எல்லாவற்றையும்விடக் கருவின் மூளைக்கு மிகக் கடுமையான பாதிப்பைத் தருவது மதுதான் என்று எழுதியது. எந்தப் பத்திரிகையும் அதைத் தலைப்புச் செய்தியாக்கி ஒரு தலைமுறையைப் பயமுறுத்தவில்லை. மது கடையில் கிடைக்கிறது, விளம்பரமும் தருகிறது.

ஹெராயின் போன்ற ஓபியாய்ட் போதையோடு பிறக்கும் சிசுக்களின் கதை இன்னும் வேறு. பிறந்த சில நாட்களில் அந்தச் சிசு நடுங்கும், ஓயாமல் அழும், பால் குடிக்காது. பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் இந்த நிலை தணியக்கூடியது. சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, எடுத்தால் அழுகையை நிறுத்துகிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்து, முதலில் தாயின் மடியிலும் இருட்டறையிலும் வைத்துத் தேற்றும் முறையை அமெரிக்க மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி, வீட்டுக்குப் போகத் தயாராகும் காலம் சராசரியாக 14.9 நாளிலிருந்து 8.2 நாளாகக் குறைந்தது. தத்தெடுக்கப் போகிறவர்கள் ‘போதைத் தாயின் பிள்ளை’ என்றதும் ஓடிவிட வேண்டியதில்லை. எது, எப்போது, எவ்வளவு, கூடவே மதுவும் உண்டா என்று கேட்கத் தெரிந்தால் போதும். கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2010இல் டென்னசியில் நடந்தது சாட்சி. ரஷ்ய அனாதை இல்லத்திலிருந்து தத்தெடுத்த ஏழு வயதுப் பையனை, சமாளிக்க முடியவில்லை என்று ஒரு கடிதத்தோடு, தனியாக விமானத்தில் மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பினார் ஒரு வளர்ப்புத் தாய். உலகமே அவரைத் திட்டியது, திட்ட வேண்டியதுதான். அந்தப் பையனுக்கு என்ன பாதிப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அதே ஆண்டு ஸ்வீடனில் ஓர் ஆய்வு வந்தது: கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தத்து வந்த 71 பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கருவிலேயே மதுவால் பாதிப்பு. 2013இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், அமெரிக்கப் பெற்றோர் சிலர் தாங்கள் தத்தெடுத்த, பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைகளை இணையக் குழுக்களில் விளம்பரம் செய்து, முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்படைத்ததைப் புலனாய்வு செய்து வெளியிட்டது. அவர்களெல்லாம் ராட்சதர்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். பிள்ளையைக் கொடுக்கும் நாளில் வாழ்த்துச் சொல்லிக் கையைக் கழுவிய ஏஜென்சிகளையும் அரசுகளையும் யார் கேட்பது?

இந்தியாவில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று பெரிதுபடுத்தத் தேவையில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், குடிப்பதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுதும் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். அருணாசலப் பிரதேசத்தில் மட்டும் அது ஏறக்குறைய நான்கில் ஒருவர். தமிழ்நாட்டில் குடி என்றால் இன்னும் பெரும்பாலும் ஆண்களின் குடிதான். ஆனாலும் நம் தத்தெடுப்பு முறை இதற்குத் தயாராக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மத்திய தத்துவள ஆணையமான காரா வழியாக வரும் பிள்ளைக்கு மருத்துவ அறிக்கையும் குழந்தை பற்றிய ஆய்வு அறிக்கையும் உண்டு. தொட்டிலில் விட்டுச் சென்ற பிள்ளை என்றால் கர்ப்பகாலப் பகுதியில் எழுத யாரிடமும் ஒன்றும் இருக்காது. தாயே வந்து ஒப்படைத்தாலும், நாம் அவளிடம் கேட்கும் தொனி உண்மையைச் சொல்லவைக்கும் தொனி இல்லை. தத்துக் கொடுத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் மட்டும் வந்து பார்க்கிறார்கள். ஒரு வயதில் தத்து வந்த பிள்ளைக்கு மூன்று வயதோடு அது முடிகிறது. இந்தப் பாதிப்போ, எண்ணும் எழுத்தும் வரிசையும் கேட்கும் ஒன்றாம் வகுப்பில்தான் தலைகாட்டத் தொடங்கும்.

நம் மது பாட்டிலில் உள்ள எச்சரிக்கை உடல்நலத்தைப் பற்றியும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றியும் பேசுகிறது. கர்ப்பம் பற்றி ஒரு சொல் கிடையாது. அமெரிக்கா 1989இலேயே அதை பாட்டிலில் அச்சிட்டுவிட்டது. ஒரு வரி அச்சிட்டால் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஒரு வரிகூட இல்லாத நாட்டில், “உங்க பிள்ளைக்கு இப்படி இருக்கலாம்” என்று எத்தனை குழந்தை மருத்துவர்களுக்குத் தோன்றும்?

சட்டத்திலும் இடமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, எஃப்.ஏ.எஸ்.டி. அதில் தனியாக இல்லை. வேறு ஏதேனும் தலைப்பில் பொருத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும். அறிவுசார் குறைபாடு என்று வாங்கலாம் என்றால் நுண்ணறிவு ஈவு குறுக்கே நிற்கும். ஸ்ட்ரைஸ்கத்தின் ஆய்வில் முழுப் பாதிப்பு உள்ளவர்களின் சராசரி 79, முக அடையாளம் இல்லாதவர்களுக்கு 90. அலுவலக அளவுகோலில் இது ‘அறிவுசார் குறைபாடு இல்லை’ என்ற பெட்டியில்தான் விழும். பஸ் நம்பர் மாறினால் வீடு வந்து சேரத் தெரியாத, கையில் கொடுத்த சம்பளத்தை அன்று மாலையே முன்பின் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டு வரும் 22 வயதுப் பையனுக்கு அந்தப் பெட்டியில் ஓர் உதவியும் கிடையாது.

18 வயதுக்குப் பிறகும் சட்டப்படி பாதுகாவலர் வைத்துக்கொள்ள நம் நாட்டில் இருக்கும் முக்கியமான வழி 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான் அது பொருந்தும். நாற்பது வயதில் தத்தெடுத்த பெற்றோருக்கு, பிள்ளை முப்பதைத் தொடும்போது எழுபது ஆகியிருக்கும். அதுவரை அவர்கள்தான் அவனுக்குக் காலண்டர், மணிபர்ஸ், ஞாபகம் எல்லாம். அந்த 21 வகைப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதும், இரண்டு ஆண்டில் முடியும் வருகையைப் பள்ளி முடியும்வரை நீட்டிப்பதும் அரசாணை அளவில் தொடங்கக்கூடிய வேலைகள். கேட்பதற்கு அந்தப் பெற்றோரைத் தவிர இப்போதைக்கு ஆளில்லை. அவர்களுக்கோ வேன் ஹாரன் அடிப்பதற்குள் பல் தேய்க்க வைக்கவே நேரம் சரியாக இருக்கிறது.